அழுத்தத்திலிருந்து மட்டத்துக்கு

மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே நாவுல, தம்புள்ளை பக்கம் போனால் நிலம் தாழ்ந்து வெயில் ஏறும். கிழக்கே இரத்தோட்டையைத் தாண்டி நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஏறினால், ரிவர்ஸ்டன் பகுதியில் 1,400 மீற்றர் அளவு உயரத்தில் பனிமூட்டத்துக்குள் நிற்போம். ஒரே மாவட்டத்துக்குள், ஒரே நாளில், ஒரு மோட்டார் சைக்கிளோ காரோ இந்த இரண்டு உலகங்களையும் பார்த்துவிட்டு வந்துவிடும். என்ஜினின் எரிபொருள் முறையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அதிகம் இல்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியை ஓடவைப்பதே வேலையாயிற்று. இன்ஜெக்டர் என்ஜினின் கணினிப் பெட்டி செத்துப்போய், மாற்றுப் பெட்டி கிடைக்காமலோ விலை எட்டாமலோ போனால், “காபரேட்டர் போட்டுவிடலாமா?” என்று யாராவது கேட்பது இயல்பு. கேள்வி எளிமையானது. இதற்குச் சரியான விடை காபரேட்டரில் தொடங்குவதில்லை. பெற்றோல் டாங்கியில் தொடங்குகிறது. ஏன் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

இரண்டு அளவு முறைகள்

ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப பெற்றோலை அளந்து கொடுப்பதுதான் எந்த எரிபொருள் முறைக்கும் உள்ள ஒரே கடமை. இன்ஜெக்டரும் காபரேட்டரும் அந்த அளவை எடுக்கும் விதத்தில் வேறுபடுகின்றன.

இன்ஜெக்டர் முறையில் டாங்கிக்குள் இருக்கும் மின்பம்ப் பெற்றோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வைத்திருக்கிறது. அழுத்தம் மாறாமல் இருப்பதால், இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்கிறது என்பதே பெற்றோலின் அளவாகிவிடுகிறது. அந்த நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது. பொஷ் நிறுவனம் 1967இல் வெளியிட்ட டி-ஜெட்ரானிக் முதல் இன்றைய மோட்டார் சைக்கிள்கள் வரை அடிப்படை இதுதான்.

காபரேட்டரில் கணினி இல்லை, பெரிய அழுத்தமும் இல்லை. 1893இல் வில்ஹெல்ம் மைபாக் உருவாக்கிய தெளிப்புக் காபரேட்டரில் இருந்த இரண்டு அம்சங்கள் இன்றும் அதன் உயிர்: பெற்றோலை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும் மிதவைக் கிண்ணம், காற்று விரையும் ஒடுங்கிய குழாயில் திறக்கும் சிறு துவாரம். குழாய் ஒடுங்கும் இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தின் மேலே சாதாரண வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அந்த வித்தியாசம் பெற்றோலை மேலே தள்ளுகிறது.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒடுங்கிய இடத்தில் காற்று செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் போனால், அழுத்தம் 540 பாஸ்கல் அளவு குறையும். இது பெற்றோலை ஏழரை சென்ரிமீற்றர் உயர்த்தப் போதும். வேகம் 10 மீற்றராக இறங்கினால் உயர்த்தக்கூடியது 8 மில்லிமீற்றர்தான். ஆகவே கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் 3 மில்லிமீற்றர் பிசகினாலும் குறைந்த வேகத்தில் கலவை வெகுவாக மாறிவிடும். கராஜில் மிதவையின் பித்தளை நாக்கை மெல்ல வளைத்துச் சரிசெய்வது இந்தக் காரணத்துக்காகத்தான். காபரேட்டருக்கு அளவுகோல் மட்டம். இன்ஜெக்டருக்கு அளவுகோல் அழுத்தம். மாற்றும் வேலை முழுவதும் இந்த வாக்கியத்தில் அடங்கும்.

ஊசியின் மேல் 96 கிராம்

சிகிரியாவின் நீர்த் தோட்டத்துக்குப் போனவர்கள், துளையிட்ட வட்டமான சுண்ணக்கல் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்து நீரூற்றுகள் அவை. நல்ல மழைக்காலத்தில் இன்றும் அவற்றில் நீர் எழும்பும். அங்கே பம்ப் எதுவும் இல்லை. உயரமான இடத்தில் நிற்கும் நீர் நிலத்தடிக் குழாய் வழியே தாழ்ந்த இடத்துக்கு வருகிறது; அந்த உயர வித்தியாசமே அழுத்தம். எந்தத் திரவத்தின் அழுத்தத்தையும் இப்படி உயரமாக மாற்றிச் சொல்லலாம்.

இன்ஜெக்டர் பம்பின் 3 பாரை அப்படி மாற்றினால் 41 மீற்றர் உயரமான பெற்றோல் நிரலாகிறது. காபரேட்டர் உள்ள மோட்டார் சைக்கிளில் டாங்கிக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள உயரம் முப்பது சென்ரிமீற்றர் அளவுதான், அதாவது 0.02 பார். இரண்டுக்கும் வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல்.

இனி, கிண்ணத்துக்குள் பெற்றோல் நுழையும் வழியை அடைக்கும் மிதவை ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் றப்பர் பூசிய, விரல் நகத்தை விடச் சற்றே நீளமான ஓர் உலோகத் துண்டு. அது உட்காரும் துவாரத்தின் விட்டம் 2 மில்லிமீற்றர் என்று வைப்போம். பரப்பு 3.14 சதுர மில்லிமீற்றர். முப்பது சென்ரிமீற்றர் பெற்றோல் அந்த ஊசியை ஒரு கிராமுக்கும் குறைவான எடையால் தள்ளுகிறது. 3 பார் அழுத்தமோ 96 கிராம் எடையால் தள்ளுகிறது.

ஊசியை மேலே பிடித்து அடைப்பது மிதவை. பத்து கன சென்ரிமீற்றர் பெற்றோலை விலக்கும் மிதவைக்கு 7.4 கிராம் மேலுதைப்பு கிடைக்கும். மிதவையின் சொந்த எடை 3 கிராமைக் கழித்தால் மிச்சம் நாலரை கிராமுக்கும் குறைவு. நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கினாலும் ஊசிக்குக் கிடைப்பது 18 கிராம் அளவு விசைதான். கணக்குப்படி இந்த ஊசி அரை பாருக்குச் சற்று மேலே தோற்றுவிடும். அதனால்தான் கார்க் காபரேட்டர்களுக்கு 0.2 முதல் 0.3 பார் வரையான அழுத்தத்தையே கொடுப்பார்கள்.

இன்ஜெக்டர் பம்பை அப்படியே விட்டுக் காபரேட்டரை மாட்டினால் என்ன நடக்கும் என்று இப்போது தெரியும். ஊசி திறந்தபடி நிற்கும். கிண்ணம் நிரம்பி வழியும். பெற்றோல் என்ஜினுக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்கும். அல்லது வெளியே வழிந்து சூடான புகைக்குழாயில் விழும். முதலாவது என்ஜினை மெல்லக் கொல்லும். இரண்டாவது ஆளையே கொல்லும்.

டாங்கியிலிருந்து தொடங்குதல்

மோட்டார் சைக்கிளில் முதல் வேலை டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் கழற்றுவது. அது இருந்த பெரிய துவாரத்தைப் பெற்றோலுக்குத் தாக்குப்பிடிக்கும் றப்பர் வளையம் வைத்த தகட்டால் மூடி, அதில் சாதாரணக் குழாய்த் திறப்பைப் பொருத்த வேண்டும். ஈர்ப்பு விசையே இனிப் பம்ப். அப்படியானால் பெற்றோல் ஏறக்குறைய தீர்ந்த நிலையிலும் டாங்கியின் அடிப்பகுதி காபரேட்டர் கிண்ணத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இன்ஜெக்டர் வண்டிகளின் டாங்கியை வடிவமைத்தவர் இதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பம்ப் இருந்ததால் டாங்கி எவ்வளவு தாழ்ந்தாலும் சரி. ஆகவே வேலையில் இறங்குமுன் அளந்து பார்க்க வேண்டிய முதல் உயரம் இது.

அடுத்தது பில்டர். இன்ஜெக்டர் முறையின் பில்டர் 3 பார் அழுத்தத்தில் தள்ளப்படும் பெற்றோலுக்கானது. 0.02 பார் அழுத்தத்தால் அதற்குள் போதிய பெற்றோலைத் தள்ள முடியாது. குறைந்த அழுத்தத்துக்கான பில்டரைப் போட வேண்டும். டாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தையும் பார்க்க வேண்டும். பெற்றோல் குறையும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, அந்தச் சிறு அழுத்தமும் அற்றுப்போகும். சில கிலோமீற்றர் நன்றாக ஓடி, பிறகு நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி உயிர்பெறும் வண்டிகளின் நோய் பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவும் செய்தபின் அளந்து பார்க்கலாம். 150 சிசி என்ஜின் முழு வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 80 மில்லிலீற்றர் அளவு பெற்றோல் குடிக்கும். குழாயைக் காபரேட்டரிலிருந்து கழற்றி, அளவு குறித்த போத்தலில் ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால் அதைப்போல இரு மடங்காவது விழ வேண்டும். பற்றரியைத் துண்டித்து, திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அண்டாமல் செய்ய வேண்டிய சோதனை இது.

காரில் டாங்கி பின்னாலும் தாழ்விலும் இருப்பதால் ஈர்ப்பு விசை உதவாது. ஒன்றரை லீற்றர் என்ஜின் முழுச் சக்தியில் மணித்தியாலத்துக்கு 30 லீற்றர் அளவு, அதாவது நிமிடத்துக்கு அரை லீற்றர் கேட்கும். அதைக் கொடுக்கக்கூடிய குறைந்த அழுத்த மின்பம்பை டாங்கிக்கு அருகில், தாழ்வாகப் பொருத்த வேண்டும். இந்தப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் அவ்வளவாக இல்லை. பழைய பம்பை வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை மட்டும் இடையில் போடும் வழியும் உண்டு. அப்படியானால் மிஞ்சும் பெற்றோல் டாங்கிக்குத் திரும்பும் வகையான வால்வாக இருக்க வேண்டும். திரும்பும் வழி இல்லாமல் மூடிய குழாயை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும் பம்ப் சூடேறிக் கெடும்.

திரும்பும் குழாய் இன்ஜெக்டர் காரில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதை அடைத்துவிடாதீர்கள். காபரேட்டருக்கு முன்னால் ஒரு பிரிவு வைத்து, ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும் சிறு துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் டாங்கிக்குத் திரும்பும்படி விட்டால், குழாயில் இருப்பது குளிர்ந்த புதுப் பெற்றோலாகவே இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. என்ஜின் நின்றால் பம்பை நிறுத்தும் வேலையை இதுவரை கணினி செய்தது. கணினியை எடுத்துவிட்டுப் பம்பை நேரே சாவியில் இணைத்தால், விபத்தில் குழாய் அறுந்து கிடக்கும்போதும் பம்ப் பெற்றோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். என்ஜின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்சோ, மோதலில் துண்டிக்கும் சுவிட்சோ கட்டாயம்.

வெப்பமும் உயரமும்

அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். 3 பார் அழுத்தத்தில் இருக்கும் பெற்றோல் சூடான என்ஜின் அருகிலும் திரவமாகவே இருக்கும். அதே குழாயில் அழுத்தத்தை 0.2 பாராக இறக்கியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பெற்றோலின் இலேசான பகுதிகள் 35, 40 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். குழாயில் ஆவிக் குமிழ் நின்றால் பெற்றோல் வராது. தம்புள்ளை வெயிலில் மலையிறங்கி வந்து, ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்கினால் வண்டி முரண்டு பிடிப்பது இதனால்தான். ஆகவே குழாயைப் புகைக்குழாயிலிருந்து தள்ளிப் போட வேண்டும். காபரேட்டருக்கும் என்ஜின் தலைக்கும் இடையே வெப்பம் கடத்தாத தடித்த வில்லை வைக்க வேண்டும்.

உயரம் வேறு வகையில் தொல்லை கொடுக்கிறது. மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி பத்து சதவீத அளவு குறைகிறது. காபரேட்டர் காற்றின் எடையை அறியாது. அதன் இழுவையை மட்டுமே அறியும். கணக்கிட்டால், அடர்த்தி பத்து சதவீதம் குறையும்போது கலவையில் பெற்றோல் ஐந்து சதவீதம் மிகும். மாத்தளையில் 1.05 மில்லிமீற்றர் ஜெட் (பெற்றோலை அளந்துவிடும் துளை) சரியாக இருந்தால் மேலே 1.02 போதும். இன்ஜெக்டர் முறையில் காற்றழுத்தத்தை உணரும் கருவி இதைத் தானே திருத்திக்கொள்ளும். காபரேட்டரைப் போட்ட பிறகு அந்தத் திருத்தத்தை மனிதர்தான் செய்ய வேண்டும். ஜெட்டை மாத்தளையில் வைத்துச் சரிசெய்பவர் மலைக்கு ஒரு முறை ஏறி, தீப்பொறி பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தையும் பார்ப்பது நல்லது. கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகை, வெளுத்திருந்தால் பற்றாக்குறை. பற்றாக்குறைதான் ஆபத்து, அது பிஸ்டனை உருக்கும்.

மட்டம் சாயும்போது

மட்டத்தை நம்பும் கருவி சாய்வுக்கும் வளைவுக்கும் அஞ்ச வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், ஜெட்டிலிருந்து நான்கு சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் மிதவைக்கு மட்டம் 4 மில்லிமீற்றர் மாறித் தெரியும். முன்னே கண்ட 8 மில்லிமீற்றர் கணக்கோடு ஒப்பிட்டால் இது சிறு பிழை அல்ல. கார் வளைவில் திரும்பும்போதும் பெற்றோல் கிண்ணத்தில் ஒரு பக்கம் ஒதுங்கும். மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. அது சரியான சாய்வில் திரும்பும்போது ஈர்ப்பும் திருப்ப விசையும் சேர்ந்து வண்டியின் அடிப்பக்கம் நோக்கியே இழுப்பதால் கிண்ணத்தில் மட்டம் மாறாது. கார்க் காபரேட்டரை எந்தத் திசை பார்த்துப் பொருத்துவது என்பது இதனால் முக்கியமாகிறது. வேறொரு என்ஜினுக்கான காபரேட்டரைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதே என்று ஜெட்டை மாற்றிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

இந்தச் சிக்கல் ஒரு போரிலேயே பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியரின் மேர்லின் விமான என்ஜினில் மிதவைக் காபரேட்டர் இருந்தது. ஜெர்மானியரின் டெய்ம்லர்-பென்ஸ் என்ஜினில் எரிபொருள் உட்செலுத்தப்பட்டது. விமானம் சட்டெனத் தலைகுப்புற இறங்கும்போது மேர்லினின் கிண்ணத்தில் பெற்றோல் மேலே எழும்பி, மிதவை நிலைகுலைந்து, முதலில் என்ஜின் தடுமாறும். பிறகு பெற்றோல் வெள்ளமாகப் பாய்ந்து மூச்சடைக்கும். 1941இல் பொறியியலாளர் பியற்றிஸ் ஷில்லிங் அதற்குக் கொடுத்த மருந்து, எரிபொருள் குழாயில் வைத்த துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. என்ஜின் உச்சபட்சமாகக் குடிக்கக்கூடிய பெற்றோலுக்கு மேல் அந்தத் துளை விடாது. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்க்கச் சீனக்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் போர்விமானங்களிலும் மேர்லின்தான் இருந்தது. காபரேட்டருக்குள் எவ்வளவு பெற்றோல் வர முடியும் என்பதைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அந்தப் பித்தளைத் துண்டைவிட வேறு சான்று வேண்டாம்.

தீப்பொறியும் கணினியும்

கணினி பெற்றோலை மட்டும் அளக்கவில்லை. எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. எரிபொருள் முறையை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தால் என்ஜின் இயங்கும், ஆனால் ஏற்றத்தில் தட்டும் ஓசை எழும், சூடேறும். நல்ல வேளையாகப் பல என்ஜின்கள் தொழிற்சாலையிலேயே இரு வடிவங்களில் பிறந்தவை. டொயோட்டாவின் 4ஏ-எஃப் காபரேட்டர் கொண்டது, 4ஏ-எஃப்இ இன்ஜெக்டர் கொண்டது. நிசானின் ஜிஏ15டிஎஸ், ஜிஏ15டிஇ அப்படியே. இவற்றில் காபரேட்டர் வடிவத்தின் காற்றுக் குழாய்த் தொகுதியையும், தீப்பொறியைத் தானே முன்பின் தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சேர்த்தே எடுத்துப் பொருத்துவதுதான் முறை. மோட்டார் சைக்கிளிலும் காபரேட்டர் மாதிரியின் காந்தச் சக்கரம், தீப்பொறியைக் கொடுக்கும் சிடிஐ பெட்டி இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். இன்ஜெக்டர் மாதிரியின் பல் சக்கரம் கொடுக்கும் சைகையை அந்தப் பெட்டி புரிந்துகொள்ளாது.

யாழ்ப்பாணம் காட்டியது

காபரேட்டரின் பொறுமையை நம் மக்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு என்ஜினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் தொடர்ந்தார்கள். அந்தப் பழைய என்ஜின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததும், ஒரு திருகாணியைக் கையால் திருகிக் கலவையை மாற்ற முடிந்ததும் அதற்குக் கைகொடுத்தன. நெருக்கடியில் மக்கள் கண்டுபிடித்த அறிவு அது, மதிக்கத்தக்கது. ஆனால் அதை இன்றைய உயர் அமுக்க இன்ஜெக்டர் என்ஜினுக்கு உதாரணமாகக் காட்டக் கூடாது. அந்த என்ஜின் தன் அமுக்க விகிதத்துக்குத் துல்லியமான தீப்பொறியையும் கலவையையும் எதிர்பார்த்தே வார்க்கப்பட்டது.

முடிவாக

என் தீர்ப்பு இதுதான். இன்ஜெக்டர் என்ஜினில் கோளாறு என்றால் முதலில் கோளாறைத் தேடுங்கள். அடைத்த இன்ஜெக்டரைக் கழுவலாம், களைத்த பம்பை மாற்றலாம், ஓர் உணர்கருவியை மாற்றலாம். இவை எல்லாமே மாற்றியமைப்பதைவிட மலிவு, மலையேறுவோருக்கு நல்லது, புகைச் சோதனையில் தேறுவதும் எளிது. கணினி மீட்க முடியாதபடி போய்விட்டால்தான் காபரேட்டர் ஒரு நியாயமான வழி. அப்போதும் அரைகுறையாகச் செய்யாதீர்கள். டாங்கி, காற்றுத் துவாரம், பில்டர், பம்ப், திரும்பும் குழாய், பம்பை நிறுத்தும் சுவிட்ச், தீப்பொறி, மிதவை மட்டம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக முடியுங்கள். ஜெட்டைக் கடைசியில் தொடுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன், காரில் நிறுத்தும் சுவிட்சைத் தற்காலிகமாகத் தாண்டிப் பம்பை இயக்கி, மோட்டார் சைக்கிளில் குழாயைத் திறந்து, என்ஜினை இயக்காமல் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு விரல் நனைந்தாலும் என்ஜினை இயக்கக் கூடாது.